பிறந்த வீட்டுக் கோடி

“கட்டிக்கப் போறவங்க செவப்பாம்மா, மாநெறமா?” என்று கேட்டபடி கடைக்காரப் பெண் இரண்டு புடவைகளை மேசைமேல் விரித்துப்போட்டாள்.

தனம் இரண்டையும் பார்த்தாள். ஒன்று அரக்கு, இன்னொன்று குங்குமச் சிவப்பு. கட்டிக்கொள்ளப் போகிறவள் கறுப்பா சிவப்பா, குட்டையா நெட்டையா, எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை. அரியலூர் கடைத்தெருவில் வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறிவிட்டது. வாசலில் வாடகைக் காரில் உட்கார்ந்திருந்த செல்லமுத்து, மாலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, சீக்கிரம் வா என்று கையை ஆட்டினார்.

“ரெண்டுல ஏதாவது ஒண்ணு குடும்மா. சுமங்கலிக்குப் போடறது.”

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். விரித்ததை மடித்து ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய், மஞ்சள் கரை போட்ட சிவப்புப் புடவை ஒன்றை எடுத்துவந்தாள். இதற்கென்று தனியாக ஒரு அடுக்கு வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. தனம் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இந்தப் புடவைக்கு முந்தானை நன்றாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

“பொறந்த வூட்டுக் கோடியாம்மா?”

“ம்.”

“மகளா?”

தனம் பையை வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் பிறகு எதற்கு இந்தப் புடவை என்று அந்தப் பெண் கேட்பாள்.

விஷயம் இதுதான். பெரம்பலூரில் உரமும் விதையும் விற்கிற செல்லமுத்துவுக்கும் தனத்துக்கும் ஒரே மகள், ஆர்த்தி. இருபத்தேழு வயதாகியும் அவளுக்கு ஒரு வரனும் தகையவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் கேசரியை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய் ஃபோன் பண்ணுகிறோம் என்பார்கள். அந்த ஃபோன் வரவே வராது. ஜாதகம் பார்த்தவர் ஒரு வழி சொன்னார். தாய் தகப்பன் இல்லாத மூன்று பெண்களைத் தாரை வார்த்துக் கொடுங்கள், உங்கள் பெண்ணுக்குத் தானாகக் கதவு திறக்கும் என்றார். அந்தச் சமயம் பார்த்து, ஊருக்கு வெளியே இருந்த ஆதரவற்ற பெண் பிள்ளைகள் இல்லத்தில் மூன்று பெண்களுக்கு ஒரே நாளில் கல்யாணம் வைத்திருந்தார்கள். செல்லமுத்து போய்ப் பேசினார். புடவை, சாப்பாடு எல்லாம் என் பொறுப்பு, நாங்களே பெற்றவர்களாக உட்கார்ந்து தாரை வார்க்கிறோம் என்றார். நல்ல மனுஷர் என்று அங்கே எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

புருஷனும் பெண்டாட்டியும் பட்டு உடுத்திக்கொண்டு மணையில் உட்கார்ந்தார்கள். ஒரு பெண் எழுந்து போனதும் அடுத்த பெண் வந்து உட்கார்ந்தாள். மூவருக்கும் ஒரே அரக்குக் கலரில் மொத்தமாக எடுத்த புடவை. ஒரே முகூர்த்தத்தில் மூன்று மகள்களைப் பெற்று, மூவரையும் கட்டிக்கொடுத்துவிட்டு, மதியத் தூக்கத்துக்கு வீடு திரும்பிவிட்டார்கள். அடுத்த தை மாதமே ஆர்த்திக்குக் கல்யாணம் முடிந்து ஓசூருக்குப் போனாள். ஜாதகக்காரருக்கு வேட்டியும் துண்டும் வைத்துக் கொடுத்தார்கள். அந்த மூன்று பெண்களும் எங்கே போனார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. பதின்மூன்று வருடம் ஓடிப்போனது.

இன்று காலை தனம் அடுப்பில் இட்லிப் பானையை வைத்தபோது ஃபோன் வந்தது.

“அத்தே, மணிமாறன் பேசறேன். திருமழபாடிலேருந்து.” அவன் அழுதுகொண்டிருந்தான். “புஷ்பவல்லி நம்மள உட்டுட்டுப் போயிட்டா அத்தே. காமாலை முத்திப்போச்சு. நீங்களும் மாமாவும் வந்தாதான் எடுக்கணும்.”

யாரோ நம்பர் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். அழுகிறவனிடம் நீ யாரப்பா என்று கேட்க வாய் வரவில்லை. வரோம்பா என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் புஷ்பவல்லி என்ற பெயரும், இல்லத்துக் கூடத்தில் போட்டிருந்த மணையும் ஞாபகத்துக்கு வந்தன.

செல்லமுத்து முரண்டு பிடித்தார். “அது ஒரு சாங்கியத்துக்குப் பண்ணுனது. அதுக்காவ எழவுக்கெல்லாம் போவணுமா?” பிறகு அவருக்கே மனசில் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். தாரை வார்த்தவன் கோடி போடாமல் விட்டால், அன்றைக்குச் சேர்த்த புண்ணியம் வந்த வழியே திரும்பிவிடுமோ என்ற பயம். ஆர்த்திக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அவர் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு, சொந்தக்காரர் ஒருவரின் காரை வாடகைக்குச் சொன்னார். போன கையோடு வந்துவிட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

கீழப்பழூர் தாண்டி கார் போய்க்கொண்டிருந்தது. எதிரே சிமெண்ட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஜன்னலை மூடினாலும் வெள்ளைத் தூசு உள்ளே வந்தது.

“மூணு பேருல இது எதுங்க?” என்றாள் தனம்.

“எனக்கென்ன தெரியும். நான் அய்யரு சொல்றதப் பாத்து தண்ணி ஊத்திகிட்டிருந்தேன்.”

“ஒரு பொண்ணு அழுதுகிட்டே இருந்துச்சே. எங் கையப் புடிச்சுக்கிட்டு உடவே இல்ல.”

“அதுவா இருக்கும்.”

அதுவாகவே இருக்கட்டும் என்று தனமும் வேண்டிக்கொண்டாள். அழுத பெண் ஒருத்தி, ஃபோட்டோக்காரனைப் பார்த்துப் பார்த்துச் சிரித்த பெண் ஒருத்தி. அந்த இரண்டு முகங்களும் மங்கலாகவாவது மிச்சமிருந்தன. மூன்றாவது பெண்ணை எவ்வளவு யோசித்தும் ஒரு மாலைதான் தெரிந்தது, மாலைக்குள் முகம் இல்லை. அழுத பெண்ணாக இருந்தால் அவளை நினைத்து இரண்டு சொட்டுக் கண்ணீராவது வரும். பெற்றவள் என்று போய் நின்றுகொண்டு கண் கலங்காமல் இருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதுதான் அப்போது அவளுக்கு இருந்த கவலை.

திருமழபாடியில் தெரு திரும்புகிற இடத்திலேயே கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். தனம் காருக்குள்ளிருந்தே பார்த்தாள். மாநிறம். அகலமான நெற்றி. ஏதோ அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியிருந்ததால் கண்கள் நேராக, கொஞ்சம் பயந்தாற்போல் பார்த்தன. அழுத பெண்ணும் இல்லை, சிரித்த பெண்ணும் இல்லை. படத்துக்குக் கீழே கணவர் மணிமாறன், மகள் இலக்கியா, மாமியார் பூங்காவனம் என்று பெயர்கள் இருந்தன. அவர்கள் எல்லோருக்கும் மேலே, பெற்றோர் செல்லமுத்து – தனம், பெரம்பலூர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

“என்னடி இது, நம்ம பேரப் போட்டு வச்சிருக்கானுவ,” என்றார் செல்லமுத்து.

அவள் பதில் சொல்வதற்குள் மேளம் வந்துவிட்டது. பிறந்த வீட்டுக் கோடி வருகிறதென்றால் மேளம் எதிரே வந்துதான் அழைத்துப்போக வேண்டும். யாரோ ஒரு தாம்பாளத்தைக் கொண்டுவந்து, அதில் புடவை, மஞ்சள், குங்குமம், மாலை எல்லாவற்றையும் அடுக்கி தனத்தின் கையில் கொடுத்தார்கள். தப்பு மேளச் சத்தத்துக்கு நடுவே அவள் முன்னால் நடந்தாள். வீட்டு வாசல்களில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவளையே பார்த்தார்கள்.

“பெத்தவ வந்துட்டா, வழிய உடுங்க,” என்றது ஒரு குரல்.

பந்தலுக்கு வெளியே மணிமாறன் ஓடிவந்து செல்லமுத்துவின் காலில் விழுந்தான். நாற்பது வயது இருக்கும், லாரி ஓட்டிக் காய்ந்த உடம்பு. “காப்பாத்த முடியல மாமா” என்றான். செல்லமுத்து அவன் தோளில் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பேச்சு வராத மனுஷர் இல்லை அவர். கடையில் உட்கார்ந்தால் பகல் முழுக்கப் பேசுவார்.

குளிர்பெட்டியைத் திறந்துவைத்திருந்தார்கள். தனத்தைத் தலைமாட்டில் உட்காரவைத்தார்கள். மாமியார்க்காரி பூங்காவனம், கண் சரியாகத் தெரியாதவள், கையால் தடவிக்கொண்டே வந்து தனத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“சம்பந்தி, நம்பிக் குடுத்தீங்களே சம்பந்தி. பத்தரமா வச்சுக்கத் தெரியலியே எனக்கு. எம்மவ மாரி இருந்தாளே.”

அந்த அழுகை தனத்தின் தோளை நனைத்தது. அவளுக்குக் கண் வறண்டு கிடந்தது. காமாலையில் மஞ்சள் பாய்ந்த அந்த முகத்தைப் பார்த்தாள். இறுக்கி மூடிய உதட்டைப் பார்த்தாள். யாரோ ஒரு வீட்டுப் பெண், பாவம், சின்ன வயசு. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்தாள்.

“மலைச்சுப்போயிட்டா. கண்ணீரு நின்னுபோச்சு பாருங்க. பெத்த வயிறுல்ல,” என்று பின்னாலிருந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தனம் அதை வாங்கிக் குடித்தாள். நாக்கு அப்படி உலர்ந்திருந்தது.

கால்மாட்டில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். பதினொன்று, பன்னிரண்டு வயது. அதே அகலமான நெற்றி. இவள்தான் இலக்கியா என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் அழுது முடித்திருந்தாள். நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறவள் எங்கே சிந்திவிடுவாளோ என்று பார்க்கிற மாதிரி, வைத்த கண் வாங்காமல் தனத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளிப்பாட்டிக் கொண்டுவந்ததும் பிறந்த வீட்டுக் கோடியைத்தான் முதலில் போட்டார்கள். பெற்றவள் கையால் மஞ்சள் பூசி, பொட்டு வைக்க வேண்டும் என்றார்கள். நெற்றி கல்லைப்போல் குளிர்ந்திருந்தது. தனம் வைத்த குங்குமம் மூக்கின்மேல் கொஞ்சம் சிந்தியது. அதைத் துடைத்துவிட்டாள். பக்கத்தில் கிடந்த புஷ்பவல்லியின் கையைப் பார்த்து, இந்தக் கையைத்தான் அன்றைக்கு எடுத்து மணிமாறன் கையில் வைத்தோம் என்று நினைத்துக்கொண்டாள். வாய்க்கரிசியும் அவள்தான் முதலில் போட்டாள். அரிசி உதட்டில் தங்காமல் கழுத்துப் பக்கம் வழிந்தது.

கொள்ளிடக் கரைக்குத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போனார்கள். செல்லமுத்துவும் போக வேண்டியதாயிற்று. பெண்கள் தெருமுனை வரை அழுதுகொண்டு போய்த் திரும்பினார்கள். வீட்டைக் கழுவிவிட்டு, கிடத்தியிருந்த இடத்தில் விளக்கேற்றி வைத்தார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்த தனத்துக்குப் பூங்காவனம் தன் புடவை ஒன்றைக் கட்டிக்கொள்ளக் கொடுத்தாள். இருவரும் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். மேளம் போன பிறகு வீடு ஓவென்றிருந்தது.

“ஒரு கொற சொல்ல முடியாது சம்பந்தி உங்கள,” என்றாள் பூங்காவனம். “வருசம் தவறாம பொங்கச் சீரு வந்துடும். கரும்பு, மஞ்சக்கொத்து, வாழத்தாரு, பொடவ. இந்தத் தெருவுல எத்தினி பேருக்கு சொந்த ஆத்தா அப்பன் உசுரோட இருந்தும் ஒரு தேங்கா மூடி வந்ததில்ல.”

தனத்துக்கு ஒன்றும் புரியவில்லை. “சீரா?” என்றாள்.

“ஒங்களுக்குக் கடைய உட்டு நவுர முடியலன்னா என்ன. அவளே பஸ் ஏறி பெரம்பலூரு வந்து வாங்கிட்டு வந்துடுவா. புள்ளையும் கூடப் போவும். திரும்பி வரையில பாக்கணுமே. பஸ் ஸ்டாப்புல ஆட்டோ நிக்கும், ஏற மாட்டா. கரும்புக் கட்டத் தோள்ல சாத்திக்கிட்டு நடுத்தெருவுல நடந்து வருவா. யாராவது கேக்கணும், எங்க அம்மா வூட்டு சீருன்னு சொல்லணும். அதுக்குத்தான்.”

தனம் ஒரு வருடமும் ஒரு துண்டுக் கரும்புகூடக் கொடுத்ததில்லை. ஆர்த்திக்குக் கொடுப்பாள். ஓசூருக்கு பார்சல் லாரியில் போகும். “நாங்க வந்து…” என்று ஆரம்பித்தாள்.

நிலைப்படியில் உட்கார்ந்திருந்த இலக்கியா சட்டென்று தலையைத் தூக்கினாள். அந்தப் பார்வையைப் பார்த்ததும் தனத்துக்கு வார்த்தை நின்றுவிட்டது.

“கொல்லையில அவரப் பந்தலு கெடக்கு பாருங்க, அதுவும் உங்க வூட்டு வெததான். அந்தப் பொட்டலத்துலேருந்துதான் உங்க ஃபோன் நம்பரையும் எழுதி வச்சிருந்தா. யாரையும் பறிக்க உட மாட்டா. எங்க அம்மா கையால எடுத்துக் குடுத்துச்சும்பா.”

அப்போதுதான் தனத்துக்கு அழுகை வந்தது. அடிவயிற்றிலிருந்து கேவிக்கொண்டு வந்தது. எதற்காக அழுகிறோம் என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வெட்கம் இருந்தது. எவளோ ஒருத்தி தன்னை இத்தனை வருடம் அம்மாவாக வைத்துப் பிழைத்திருக்கிறாள், அது தனக்குத் தெரியாமலே போயிற்றே என்ற ஆற்றாமையும் இருந்தது. சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

“அழுங்க சம்பந்தி. அப்பவே வந்திருக்கணும் இது,” என்று பூங்காவனம் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுகை அடங்கும் வரை காத்திருந்து, பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். “ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட. பாப்பாவப் பத்தி. இவன் கேரளா லோடு ஏத்திக்கிட்டுப் போனா வாரக்கணக்குல ஆவுது வர்றதுக்கு. எனக்கு ரெண்டு கண்ணுலயும் பொர விழுந்துபோச்சு. பொட்டப்புள்ள, வயசுக்கு வர்ற காலம். அவ ஆத்தா வளந்த இல்லத்துலயே சேத்துடலாமுங்கறான். நீங்க பொறந்த வூட்டுக்காரங்க. உங்க வாய்லேருந்து ஒரு வார்த்த வரணும்.”

சொல்லிவிட்டு, தெரியாத கண்ணைத் தனத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன வார்த்தைக்குக் காத்திருக்கிறாள் என்று தனத்துக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் வளரட்டும் என்கிற வார்த்தை. அதைச் சொல்ல நினைத்தபோதே செல்லமுத்துவின் சர்க்கரை வியாதி, லீவுக்கு வரும் ஆர்த்தியின் பிள்ளைகள், பள்ளிக்கூடச் செலவு, வயசுப் பெண்ணைக் காக்கும் பொறுப்பு என்று வரிசையாக வந்து நின்றன.

“அவரு வரட்டும் சம்பந்தி,” என்றாள்.

முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனாள். இலக்கியா பின்னாலேயே வந்து அடிபம்பை அடித்தாள். பந்தலில் அவரை கொத்துக் கொத்தாய்த் தொங்கியது. பம்பு அடிப்பதை நிறுத்தாமலே, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அந்தப் பெண் சொன்னாள்.

“அப்பத்தாகிட்ட சொல்லிடாதீங்க.”

“என்னத்த?”

“சீரு நீங்க குடுக்கலன்னு.”

தனம் கையில் ஏந்திய தண்ணீரை அப்படியே விட்டுவிட்டாள். “உனக்குத் தெரியுமா?”

“நானுந்தான போவேன். பெரம்பலூருல எறங்குனதும் மொதல்ல உங்க கடைத்தெருவுக்கு வருவோம். எதுத்தாப்புல மெடிக்கல் இருக்குல்ல, அது நெழல்ல நிப்போம். மத்தியானத்துல நீங்கதான் கல்லாவுல உக்காந்திருப்பீங்க. அம்மா பாத்துக்கிட்டு இருக்கும். பொறவு மார்க்கெட்டு போயி எல்லாம் வாங்கிக்கிட்டு வந்துடுவோம்.”

“உள்ள வந்திருக்கக் கூடாதா?”

“நானும் கேப்பேன். உள்ள போயி, யாரு நீன்னு கேட்டுட்டாங்கன்னா அப்பறம் வரவே முடியாதுடீங்கும்.”

தனம் பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரே ஒரு தடவ போச்சு,” என்றாள் இலக்கியா. “வெத வாங்கப் போறமாரி. நான் வெளியவே நின்னுக்கிட்டேன். நீங்க எந்த ஊருன்னு கேட்டீங்களாம். ஆத்தங்கர மண்ணுன்னா தண்ணி ஜாஸ்தி உடாதம்மான்னு சொன்னீங்களாம். பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் அதையே சொல்லிக்கிட்டு வந்துச்சு. தண்ணி ஜாஸ்தி உடவே உடாது நாங்க.”

தனம் ஞாபகப்படுத்திப் பார்த்தாள். கடைக்கு வருகிற ஒவ்வொருத்தியிடமும் அவள் சொல்கிற வார்த்தைதான் அது. எந்த ஊர், என்ன மண், தண்ணி விடாதம்மா. நீட்டிய கையில் விதைப் பொட்டலத்தை வைத்திருப்பாள், அடுத்த ஆளைப் பார்த்திருப்பாள். அந்தக் கை எப்படி இருந்தது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ஆண்கள் ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்தார்கள். மணிமாறன் மொட்டைத் தலையுடன் பந்தலில் வந்து உட்கார்ந்தான். மகளைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

“மாமா, பாப்பாவுக்கு ஒரு வழி சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் சரி.”

ஆற்றங்கரையிலேயே இந்தப் பேச்சு எழுந்திருக்க வேண்டும். செல்லமுத்து தயாராக இருந்தார். “அதுக்கென்ன மாப்ள. அங்க நான் சொன்னா தட்ட மாட்டாங்க. பத்தரமான எடம், நல்ல சாப்பாடு, படிப்பு. புஷ்பா அங்க வளந்தவதான, என்ன கொறஞ்சுபோயிட்டா. பதினாறாம் நாளு காரியம் முடிஞ்சதும் அழைச்சுக்கிட்டு வா. நானே கூட வந்து சேத்து உடறேன்.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவர். இன்னொரு நல்ல காரியம் கைக்கு வந்திருக்கிறது என்ற நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது. மணிமாறன் கையெடுத்துக் கும்பிட்டான். பூங்காவனம் மட்டும் தனம் இருந்த பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். தனம் வாயைத் திறந்தாள். இத்தனை பேருக்கு நடுவில் புருஷன் பேச்சை வெட்டிப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள். இலக்கியா எழுந்து உள்ளே போனாள்.

சாவு வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. செல்லமுத்து செருப்பை மாட்டிக்கொண்டு காரைப் பார்க்க நடந்தார். ஈரப் புடவையைப் பையில் திணித்துக்கொண்டு தனமும் நடந்தாள். வாசல் வரைக்கும் வந்த பூங்காவனம், “நாளைக்குப் பால் தெளிக்கணும். பெத்தவங்க இருப்பாங்கன்னு நெனச்சேன்,” என்று பொதுவாகச் சொன்னாள். கடை கிடக்கிறது என்று செல்லமுத்து காரிடம் சொல்வதுபோல் சொன்னார்.

ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியபோது ஜன்னலருகே இலக்கியா நின்றாள். சுற்றி வளைத்து வேறு வழியாக ஓடிவந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. முன் சீட்டில் இருந்த செல்லமுத்துவுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

“அங்க சேந்ததுக்கு அப்பறம், லீவு நாள்ல அந்த மெடிக்கல் கிட்ட வந்து நிக்கலாமா? உள்ளல்லாம் வர மாட்டேன்.”

டிரைவர் வண்டியை நகர்த்தினார். இலக்கியா பதிலை எதிர்பார்க்காதவள்போல் இரண்டடி பின்னால் நகர்ந்து வழிவிட்டாள்.

“நிறுத்துப்பா,” என்றாள் தனம்.

கதவைத் திறந்து பையோடு இறங்கினாள்.

“என்ன, எதயாவது உட்டுட்டியா?” என்றார் செல்லமுத்து.

“நீங்க போங்க. நான் பதினாறு முடிச்சுட்டு வரேன்.”

“பதினாறா? இங்கயா? என்ன பேசற நீ. கடைய யாரு பாக்கறது?”

“நீங்க பாத்துக்குங்க. இல்லத்துல யாருகிட்டயும் ஒண்ணும் பேச வேணாம்.” அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “மாடியில ஆர்த்தி ரூமு சும்மாதான கெடக்கு. அவ பழைய சாமானெல்லாம் போட்டு அடச்சு வச்சிருக்கேன். ஆள உட்டு ஒழிச்சுப் போடுங்க. ஒரு ஆளு படிக்கிறதுக்கு மேச வேணும்.”

செல்லமுத்து அவளைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ற சிறுமியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்லாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கார் பேனரைத் தாண்டித் திரும்பியது.

தனம் வீட்டுக்குள் நுழைந்தாள். பங்காளி வீட்டிலிருந்து வந்திருந்த சோற்றுக் குண்டானின் மேல் தட்டுப் போட்டு மூடியிருந்தது. யாரும் இன்னும் தொடவில்லை.

“யாரு வர்றது?” என்றாள் பூங்காவனம்.

“நாந்தான் சம்பந்தி.”

பூங்காவனம் எண்ணெய்க் கிண்ணத்தைக் கையால் தடவி எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள். தனம் விளக்குக்கு எண்ணெய் விட்டு, திரியைத் தூண்டிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இலக்கியா வந்தாள். அவளும் அதே சுவரில் சாய்ந்துகொண்டாள், நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு.